இரட்டை மின்வழங்கி: பூட்டும் முன் அளந்து பாருங்க

ஆம்ப்ளிபையர் செய்யும் திட்டப்பணியில் பலர் தடுமாறும் இடம் மின்வழங்கிதான். ஒலி அலை மேலும் கீழும் அசைவது. அதனால்தான் பல ஆம்ப்ளிபையர்கள் +, 0, − என மூன்று முனைகளைக் கேட்கின்றன.

எடுத்துக்காட்டாக 18-0-18 வோல்ட் மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். நடுக் கம்பிதான் நமது 0. மற்ற இரண்டும் பிரிட்ஜ் டையோடின் மாறுமின் முனைகளுக்குப் போகும். மின்தேக்கி உச்ச அழுத்தம் வரை நிரம்பும். ஆகவே 18 × 1.414 = 25.45. டையோடில் ஏறக்குறைய 0.7 வோல்ட் போக, ஒவ்வொரு பக்கமும் சுமார் 25 வோல்ட். சுமை இல்லாதபோது இன்னும் கொஞ்சம் கூடவே காட்டும். "18 போட்டேன், 25 எப்படி வந்தது?" என்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை. 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டு போதும்.

இப்போது கவனிங்க. மின்தேக்கியின் உடலில் உள்ள கோடு எதிர்முனையைக் காட்டும். + பக்கத்தில் கோடு உள்ள கால் 0-க்கு வரும். − பக்கத்தில் அது − முனைக்குப் போகும். மற்ற கால்தான் 0-க்கு. "0 என்றால் கோடு" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். திருப்பிப் போட்டால் மின்தேக்கி சூடாகி வெடிக்கும். முகத்தை நேர் மேலே வைக்காதீங்க, கண்ணாடி அணியுங்க.

வீட்டு மின்சாரப் பக்கத்தை மாணவர் தொடக் கூடாது. ஆசிரியரே இணைத்து மூட வேண்டும். பழுப்புக் கம்பியில் பியூஸும் சுவிட்சும். நீலம் நேரே மின்மாற்றிக்கு. பச்சை-மஞ்சள் கம்பி உலோகப் பெட்டியோடு திருகி இறுக்கப்பட வேண்டும்.

சோதனையைப் படிப்படியாகச் செய்யுங்க:

1. மின்மாற்றியை மட்டும் இயக்கி, மாறுமின் அளவில் பாருங்க. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 18-ஐ ஒட்டியும், இரு ஓரங்களுக்கிடையே 36-ஐ ஒட்டியும் வர வேண்டும்.

2. பிளக்கைக் கழற்றிவிட்டு டையோடையும் மின்தேக்கிகளையும் இணையுங்க. பழுப்புக் கம்பியோடு தொடராக 60 வாட் இழை பல்பை ஆசிரியர் மாட்ட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. விடாமல் பிரகாசமாக எரிந்தால் எங்கோ குறுக்குச் சுற்று; உடனே நிறுத்துங்க.

3. நேர்மின் அளவில் கறுப்பு முனையை 0-இல் வைத்து இரு பக்கமும் அளங்க. +25, −25 என்று ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் ஆம்ப்ளிபையரைப் பூட்டாதீங்க.

அணைத்துவிட்டோம் என்பதற்காகக் கை வைக்கலாமா? நான் ஒருமுறை அப்படி நினைத்துத் திருப்புளியை வைத்தேன். 'டப்' என்று பொறி பறந்தது, திருப்புளி முனையில் பள்ளம் விழுந்தது. பிளக் கையில்தான் இருந்தது. மின்னூட்டம் மின்தேக்கியில் இருந்தது. + முனைக்கும் − முனைக்கும் நடுவே 50 வோல்ட் காத்திருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு மின்தேக்கிக்கும் இணையாக 2.2 கிலோஓம், 1 வாட் மின்தடை ஒன்று போடுங்க. 2200 × 0.0047 = ஏறக்குறைய 10 விநாடி. அதன் ஐந்து மடங்கில், அதாவது ஒரு நிமிடத்துக்குள், மின்தேக்கி ஏறக்குறைய காலியாகிவிடும். மின்தடையின் கால் விட்டுப் போயிருக்கலாம் என்பதால், தொடும் முன் மீட்டரில் மறுபடி பாருங்க.

மாணவர்களே, தேர்வில் நேரமாறிலியைக் கணக்காகப் போடுவீங்க. இங்கே அதுதான் உங்கள் விரலைக் காக்கும் அந்த ஒரு நிமிடம்.