நோவுரையாத சிறுநீரகம்

சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நாம் அறிவோம். புறாவைக் காக்கத் தன் தசையை அரிந்து தந்தவன் என்று தமிழிலக்கியம் அவனைப் போற்றும். தன் கண்களையே ஈந்தவன் என்று பௌத்த ஜாதகக் கதை கூறும். இரண்டிலும் கொடுத்தவனின் பெருமை பேசப்படுகின்றதேயன்றிப் பெற்றவரின் கடமை பேசப்படுவதில்லை. அக்கடமையை இன்று கண்டி மாநகரிலே காணலாம்.

கண்டித் தேசிய வைத்தியசாலையிலே சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்று வருகின்றது. 1954ஆம் ஆண்டு டிசம்பரில், பொஸ்டன் நகரிலே ஜோசப் மரே என்பார் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றிகண்ட நாள்முதல் வளர்ந்துவந்த கலை இது. இலங்கையிலே உறுப்புத் தானத்துக்கான சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. மலைநாட்டாரோடு, காரணம் முற்றும் விளங்காத சிறுநீரக நோய் 1990களில் வெளிப்பட்ட உலர்வலயக் கிராமத்தவரும் கண்டியை நாடி வருகின்றனர்.

தாயோ தமக்கையோ ஈந்த சிறுநீரகமாயினும் உடல் அதனை அந்நியமென்றே கருதும். ஆகவே உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உண்ணவேண்டும். காவலன் தளர்ந்தால் கள்வன் நுழைவான் அன்றோ? அவ்வாறு நுழையும் தொற்றுகளுள் மிகுதியாகக் காணப்படுவது சிறுநீர்த்தொற்று. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பற்றீரியாவே பெரும்பாலும் அதற்குக் காரணம். சத்திரசிகிச்சையின்போது வைக்கப்படும் சலக்குழாயும், புதிய சிறுநீர்க்கானுக்குள் வைக்கப்படும் மென்குழாயும் கிருமிக்கு ஏணியாகலாம். எனவே அவற்றை வேண்டிய காலத்துக்குமேல் விட்டுவைப்பதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இத்தொற்று எளிதில் ஏற்படும்.

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. புதிய சிறுநீரகம் முதுகுப்புறத்திலன்றி அடிவயிற்றின் ஒருபக்கத்தே பொருத்தப்படுகின்றது. குருதிக்குழாய்கள் இணைக்கப்படுகின்றன, நரம்புகள் இணைக்கப்படுவதில்லை. ஆதலின் தொற்று சிறுநீரகம்வரை ஏறினாலும், பிறருக்கு விலாப்புறத்தில் எழும் கடும்நோவு இவருக்கு எழாதிருக்கலாம். உண்ணும் மருந்துகள் காய்ச்சலையும் மறைத்துவிடலாம். தானமாய் வந்த உறுப்புக்குத் தன் துயரை உரைக்க வாயில்லை. பெற்றவரே அதன் வாயாக வேண்டும்.

சலம் கழிக்கையில் எரிவு, சலத்திலே கலங்கல், இலேசான குளிர்நடுக்கம், வழமைக்கு மாறான சோர்வு, இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே கிளினிக்குக்குச் செல்லவேண்டும். பழைய துண்டைக் காட்டி மருந்துக்கடையிலே மாத்திரை வாங்கி உண்பது ஆபத்து. எரித்திரோமைசின் போன்ற சில மருந்துகள், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தின் அளவைக் குருதியிலே ஏற்றிச் சிறுநீரகத்துக்கே ஊறு செய்யும். சலத்தைப் பரிசோதித்துக் கிருமியை இனங்கண்டபின் தெரிந்தெடுக்கும் மருந்தை, சொன்ன நாள்வரை உண்பதே முறை. நோய்க்குறி ஏதுமின்றிச் சலத்திலே கிருமி காணப்பட்டால், மாதங்கள் கழிந்தபின் மருந்தே வேண்டாதிருக்கலாம். அதனை முடிவு செய்பவர் வைத்தியரே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் மாணவன் ஒருவன் பாடத்தின் நடுவே வெளியே செல்ல அனுமதி கேட்பான். மேசைமீது தண்ணீர்ப் போத்தலை வைத்திருப்பான். அதை ஒழுங்கீனமென்று எண்ணி அவனை அமர்த்திவிடாதீர்கள். சலத்தை அடக்குவது அவனுக்குத் தீங்கு. மலையிலே கொழுந்து பறிக்கும் பெண்களோ ஒதுங்க இடமின்றிப் பொழுதெல்லாம் அடக்கிக்கொள்கின்றனர். அவர்களுள் ஒருத்தி சிறுநீரகம் பெற்று மீண்டும் தோட்டத்துக்குத் திரும்பினால், வைத்தியசாலை காத்ததை அங்கே காப்பவர் யார்?

கொடுத்தவர் தம் கடனை முடித்துவிட்டார். இனிக் காக்கும் கடன், பெற்றவரோடு சுற்றியிருக்கும் நம் அனைவரையும் சார்ந்தது.