பாலைநில ஆமையும் கல்லடைப்பு நோயும்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம்மவரிடையே வழங்கிவரும் பழமொழி. அமெரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள கலிபோர்னியாவிலோ நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே பாட்டனார் வளர்த்த ஆமையைத் தந்தை வளர்த்து, தந்தைக்குப் பின் மகள் வளர்த்துவரும் குடும்பங்கள் உண்டு. ஐம்பது ஆண்டு, எண்பது ஆண்டு என வாழும் பிராணியாகையால் அது குடும்பச் சொத்துப்போலக் கைமாறி வருகிறது. 1972 ஆம் ஆண்டில் கலிபோர்னியா இப்பாலைநில ஆமையைத் தன் மாநிலத்துக்குரிய ஊர்வன விலங்காக ஏற்றுச் சிறப்பித்தது. 1990 இல் அமெரிக்கக் கூட்டரசு, மொஹாவி பாலைவனத்தில் வாழும் இவ்வாமைகளை அழிவை நோக்கிச் செல்லும் இனமெனக் கண்டு சட்டப் பாதுகாப்பு அளித்தது.

ஆகவே காட்டிலிருந்து ஒன்றைக்கூடப் பிடித்து வரலாகாது. வீட்டில் இருப்பவற்றையும் அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டுப் பெற்றே வைத்திருக்க வேண்டும். வளர்த்தது போதும் என்று பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டுவிடவும் வழியில்லை. வீட்டு ஆமையிடம் இருக்கக்கூடிய சுவாச நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றிவிடும் என்பதே காரணம். எனவே, வீட்டு ஆமை நோயுற்றால் அதைப் பிழைக்கவைக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் வளர்ப்பவரையே சாரும்.

அவ்வாறு இவற்றை வாட்டும் நோய்களுள் ஒன்று கல்லடைப்பு. சித்த வைத்தியர் மனிதருக்குக் கூறும் அதே பெயரைத்தான் இதற்கும் நாம் வழங்கலாம். ஆனால் கல்லின் சரக்கு வேறு. மனிதரின் சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. ஆமையின் கல்லோ யூரிக் அமிலத்தின் உப்புகளால் ஆனது. இவ்வேற்றுமையை விளங்கிக்கொண்டால் நோயின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

உண்ட புரதச் சத்து உடலில் பயன்பட்டபின் நைட்ரஜன் கலந்த கழிவு ஒன்று எஞ்சுகிறது. அது உடலில் தங்கினால் நஞ்சாகும். தண்ணீருக்குக் குறைவில்லாத மீன்கள் அதை அம்மோனியாவாகவே வெளியே விட்டுவிடுகின்றன. மனிதரும் ஆடுமாடுகளும் அதை யூரியாவாக மாற்றி நீரில் கரைத்துக் கழிக்கின்றனர். இதற்கும் நிறைய நீர் வேண்டும். நீரைச் சிக்கனம் செய்யவேண்டிய பறவைகளும் ஊர்வனவற்றுள் பலவும் கையாளும் முறை மற்றொன்று. அவை கழிவை நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக்கி, குழம்புபோலத் தள்ளிவிடுகின்றன. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியின் எச்சத்தைக் கவனித்திருப்பீர்கள். கறுத்த எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் பல்லியின் சிறுநீர்!

பாலைநில ஆமையும் இம்முறையையே கையாளுகிறது. ஆனால் பல பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் இல்லாத பெரிய நீர்ப்பை ஒன்று இதற்கு உண்டு. இதன் சிறுநீரகம் நம் சிறுநீரகம்போல இரத்தத்தைவிடச் செறிந்த சிறுநீரை உண்டாக்க வல்லதன்று. அக்குறையை ஈடுசெய்வது இந்த நீர்ப்பையே. ஆமையின் உடல் எடையில் 40 சதவீதம் வரை இதில் நீரைத் தேக்கலாம் என்பர். மொஹாவியின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அவ்வறட்சியை நினைத்துப் பார்ப்பதும் நமக்குக் கடினமே. அங்கே ஆமை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வளையில் கழிக்கிறது. ஓராண்டுக்கு மேலும் ஒரு துளி நீர் அருந்தாமல் இருக்கும். அக்காலத்தில் நீர்ப்பையிலுள்ள நீரைத்தான் சிறிது சிறிதாக உடலுக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது.

நீர் வற்ற வற்ற உள்ளிருக்கும் கழிவு என்னவாகும்? செறிந்துகொண்டே வரும். பாலைவனச் செடிகளில் பொட்டாசியம் உப்பும் மிகுதி. திரெங்கானுக் கடற்கரையில் முட்டையிட ஏறிவரும் கடலாமைகள் கண்ணீர் வடிப்பதைப் பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு. அது துயரக் கண்ணீர் அன்று. கண்ணருகேயுள்ள சுரப்பி மிகுதியான உப்பை வெளியேற்றும் வழி. பாலைநில ஆமைக்கு அத்தகைய சுரப்பி இல்லை. ஆதலால் அது பொட்டாசியத்தை யூரிக் அமிலத்தோடு பிணைத்து நீர்ப்பையின் அடியில் வண்டலாகப் படியவைத்துவிடுகிறது. பின்னர் என்றோ ஒருநாள் மழை பெய்யும். மழை வருமுன்னரே ஆமை நிலத்தில் ஆழமில்லாத குழி பறித்து வைத்திருப்பதும் உண்டு. அதில் தேங்கும் நீரை வயிறு நிறையப் பருகி, பழைய நீரையும் வண்டலையும் ஒருங்கே கழித்துவிட்டு, நீர்ப்பையைப் புது நீரால் நிரப்பிக்கொள்ளும். ஏரியைத் தூர் வாருவது போன்ற ஏற்பாடு இது.

காட்டு ஆமையைக் கண்டால் கையில் தூக்கக்கூடாது என்று அந்நாட்டார் எச்சரிப்பதன் காரணமும் இதுவே. அஞ்சிய ஆமை நீர்ப்பையைக் காலிசெய்துவிடும். கோடையில் அந்நீரை இழந்தது உயிரையும் இழக்கக்கூடும்.

இனி வீட்டுக்கு வருவோம். பாலைவனத்துப் பிராணிக்குத் தண்ணீர் எதற்கு என்ற எண்ணம் வளர்ப்பவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. ஆமைகளுக்குக் கேடு செய்த எண்ணங்களுள் இதைவிடக் கொடியது இல்லை என்றே கூறுவேன். வீட்டுப் புறக்கடையில் மழைக்குழி கிடையாது. உலர்ந்த கூண்டிலும் சூடான விளக்கின் அடியிலும் கிடக்கும் ஆமை, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. வண்டலைக் கழிப்பதற்கோ நாள் வருவதே இல்லை. வண்டல் இறுகி மணலாகி, மணல் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிறது. அதன்மேல் படலம் படலமாக மேலும் படிகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாலைவனத்தில் ஆமையின் உயிரைக் காத்த அதே உறுப்புத்தான் வீட்டில் அதற்குப் பகையாகிறது. முதலில் பயறளவாக இருந்த கல், ஆண்டுகள் செல்ல எலுமிச்சம்பழம், ஆரஞ்சுப்பழம் அளவுக்கும் பருத்துவிடும்.

உணவும் இதில் பங்கு கொள்கிறது. இலைதழை தின்னும் பிராணிக்கு அன்பு மிகுதியால் நாய்க்குரிய டின் உணவையும் இறைச்சியையும் கொடுப்போர் உண்டு. புரதம் மிகுந்தால் யூரிக் அமிலமும் மிகும். பசலைக்கீரையையே முதற்குற்றவாளியாக்குவோரும் உண்டு. அக்கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடுவது மெய்யே. நாள்தோறும் கொடுக்கத் தக்கதன்று. ஆனால் ஆமையின் கல் பெரும்பாலும் ஆக்ஸாலிக் உப்பு அன்று என்பதால், பழி முழுவதையும் கீரைமேல் சுமத்திவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுவது தவறு. புல், காட்டுக்கீரை, சப்பாத்திக்கள்ளி, முசுக்கட்டை இலை, செம்பருத்திப் பூ ஆகியவை இதற்கு உகந்தவை.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் தொல்லை. ஆமை இயல்பாகவே மெதுவானது; நாய் வலியால் கத்துவதுபோல இது கத்துவதில்லை. கல்லைச் சுமந்துகொண்டு பல மாதங்கள் வழக்கம்போல் நடமாடும். இரை குறைதல், கழிக்க முக்குதல், பின்னங்கால்கள் வலுவிழந்து இழுபடுதல், மலம் கட்டுதல், கழிவாயிலின் உட்பகுதி வெளியே பிதுங்குதல், பெண் ஆமையாயின் முட்டையிட முடியாமை ஆகியவை பிற்பட்ட அறிகுறிகள். இவற்றுக்கு முன்னரே வளர்ப்பவர் காணக்கூடியது ஒன்றுண்டு. நலமுள்ள ஆமை கழிக்கும் வெள்ளைக் குழம்பு விரலில் வழவழப்பாக இருக்கும். அது மணல்போல நறநறவென்றிருந்தால் உடல் நீரின்றி வாடுகிறது என்று பொருள். தொட்டுப் பார்க்கக் கூசுவோர் ஈர்க்கால் தேய்த்துப் பார்க்கலாம்.

மிருக வைத்தியர், பின்னங்காலுக்கு முன்னேயுள்ள பள்ளத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். பெரிய கல்லாயின் தட்டுப்படும். எக்ஸ்-கதிர்ப் படம் ஐயத்தைத் தீர்த்துவிடும். மனிதரிடம் யூரிக் அமிலக் கல் இப்படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. ஆமையின் கல் பெரும்பாலும் நன்றாகத் தெரிகிறது. பெண் ஆமையிடம் ஒரு சிக்கல்: முட்டையும் படத்தில் தெரியும். முட்டைக்கு மெல்லிய ஓட்டின் கோடு மட்டுமே காணும். கல்லோ உள்ளும் புறமும் கெட்டியாக, சில வேளை படலங்களோடு தோன்றும். அரிதாக, முட்டையே வழிதவறி நீர்ப்பைக்குள் புகுந்து, அதன்மேல் கல் படிந்துவிடுவதும் உண்டு.

இக்கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. மணல் நிலையில் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் ஊறவைத்து, நீர் அருந்தச் செய்து கழிப்பிக்கலாம். கழிவாயிலுக்கு வந்து நின்ற சிறு கல்லை வைத்தியர் வழுவழுப்பான களிம்பிட்டு, உடைத்து எடுத்துவிடுவார். நீர்ப்பைக்குள் தங்கிய பெரிய கல்லுக்கு அறுவை ஒன்றே வழி.

ஓட்டுக்குள் இருக்கும் பிராணியை அறுப்பது எங்ஙனம்? இரு வழிகள் உண்டு. பின்னங்காலுக்கு முன்னேயுள்ள மெல்லிய தோலைக் கீறி, நீர்ப்பையை அத்துளைவரை இழுத்துத் திறந்து, கல்லை உள்ளேயே நொறுக்கித் துண்டு துண்டாக எடுத்துக் கழுவிவிடுவது ஒன்று. ஓடு தீண்டப்படாததால் ஆமை விரைவில் தேறும். கல் மிகப் பெரிதாயின் இரண்டாவது வழி: வயிற்றுப் பக்கத்துக் கீழோட்டில் சிறு இரம்பத்தால் சன்னல் ஒன்றை அறுத்துத் திறப்பது. அறுக்கும் கோட்டைச் சாய்வாக அமைப்பார்கள். அப்போதுதான் மூடும்போது துண்டு உள்ளே விழாமல் விளிம்பில் அமரும். துண்டை முழுவதும் பிய்த்தெடுக்காமல், தசை ஒட்டிய பக்கத்தை விட்டுவைப்பார்கள். அத்தசை வழியாகவே எலும்புக்கு இரத்தம் செல்கிறது. ஓட்டுக்குச் சற்றே உள்ளே இரு பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவை அறுபடாமல் பார்த்துக்கொள்வதில் வைத்தியரின் திறமை அடங்கியிருக்கிறது. கல்லை எடுத்து நீர்ப்பையைத் தைத்தபின், சன்னலை மூடி, கண்ணாடி நார்த் துணியும் எபாக்ஸிப் பசையும் கொண்டு ஒட்டிவிடுவார்கள்.

மயக்க மருந்து கொடுப்பதும் எளிதன்று. ஆமை நெடுநேரம் மூச்சை அடக்க வல்லது; முகத்தில் மூடியை வைத்து மருந்துக் காற்றைச் செலுத்தினால் அது மூச்சே விடாமல் கிடக்கும்! எனவே ஊசி மூலம் மயக்கி, தொண்டையில் குழாயிட்டு, வைத்தியரே அதற்காகக் காற்றைச் செலுத்த வேண்டும். பின்னங்கால்களிலிருந்து திரும்பும் இரத்தத்தில் ஒரு பகுதி சிறுநீரகங்களின் வழியே செல்வதால், ஊசியை முன்னங்கால் பக்கம் போடுவதே வழக்கம்.

அறுவை வெற்றி என்ற சொல்லைக் கேட்டதும் கவலை தீர்ந்ததென்று எண்ணலாகாது. பல வாரங்கள் பட்டினி கிடந்து மெலிந்த ஆமைகளே பெரும்பாலும் மேசைக்கு வருகின்றன. ஆகையால் கழுத்தின் பக்கமாக உணவுக் குழாய்க்குள் மெல்லிய குழல் ஒன்றை வைத்து, கரைத்த உணவும் மருந்தும் அதன் வழியே கொடுப்பார்கள். குழல் இருக்கும்போதே ஆமை தானாகவும் தின்னலாம். தின்னத் தொடங்கியபின் குழலை எடுத்துவிடுவார்கள். வலிக்கு மருந்து உண்டு. ஆனால் மருந்துக்கு நிகரானது வெப்பம். ஊர்வனவற்றின் உடல் தானே சூடு உண்டாக்குவதில்லை. குளிர்ந்த இடத்தில் புண் ஆறுவதும் உணவு செரிப்பதும் ஏறக்குறைய நின்றுபோகும். ஆகவே 27 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைப்பார்கள். அவ்வாண்டின் குளிர்கால உறக்கத்துக்கும் தடை. நவம்பர் வந்து ஆமை வளை தேடி அலைந்தாலும் விளக்கின் அடியிலேயே விழித்திருக்கச் செய்ய வேண்டும். புண் மூடும்வரை தண்ணீரில் இறக்கவும் வைத்தியர் விடமாட்டார்.

தோலில் போட்ட தையலைப் பிரிக்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஓட்டின் எலும்பு கூடவோ ஓராண்டு, ஈராண்டு செல்லும். அதுவரை பசைத் துணி அப்படியே இருக்கும். இதற்கிடையே புதிதாய்க் கல் படிகிறதா என்று மீண்டும் படமெடுத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை கல் கண்ட ஆமைக்கு மறுமுறையும் காணலாம். புண் ஆறியதும், வாரம் இருமுறை, தாடை நனையுமளவு வெதுவெதுப்பான நீரில் கால்மணி முதல் அரைமணி நேரம் உட்காரவைக்க வேண்டும். நீரில் இறங்கியதும் ஆமை தலையைத் தாழ்த்தி நெடுநேரம் பருகும். பருகி முடிந்ததும் பெரும்பாலும் அந்நீரிலேயே கழித்துவிடும். உடனே நீரை மாற்றிவிட வேண்டும்.

சிங்கப்பூரில் நிலத்தாமையை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடந்தரவில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் காணப்படும் நட்சத்திர ஆமையும் 2019 முதல் உலக வாணிப ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆயினும் கள்ளத்தனமாகப் பெட்டிகளில் அடைத்துக் கடத்தப்பட்டுப் பிடிபடும் ஆமைகள் பல. அவை பெட்டிக்குள் கிடக்கும் நாள்களில் நீர் காண்பதில்லை. மீட்கப்பட்ட ஆமையை நீர் குறைந்த தட்டில் இறக்கி, அது கழிக்கும் வெள்ளை வழவழப்பாக இருக்கிறதா, நறநறக்கிறதா என்று பார்ப்பது அவற்றைப் பேணுவோரும் செய்யத் தக்க முதற் சோதனையாகும்.