துடிப்பும் வேலையும்

மாணவர்களே! பழைய மடிக்கணினிக்கு மாற்றாகப் புதியது வாங்கப் புகுவோர், "எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்றே முதலில் வினவுகின்றனர். 1 கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 100 கோடித் துடிப்புகள். ஆயின், துடிப்பொன்றில் செயலி எவ்வளவு வேலையை முடிக்கிறது என்பதை இவ்வெண் கூறாது. சிறு வாளியால் விரைந்து இறைப்பவனைவிடப் பெரு வாளியால் நிதானமாக இறைப்பவன் தொட்டியை முன்னதாக நிரப்பிவிடக்கூடும் அன்றோ?

இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அந்நிறுவனமே 2006இல் வெளியிட்ட கோர் 2 டுயோ, 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே அதனை விஞ்சியது. ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான கட்டளைகளை நிறைவேற்றியதும், ஒரே சில்லில் இரண்டு கருக்களைப் பெற்றிருந்ததுமே அதற்குக் காரணம்.

ஆதலின், ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஒரே வகைச் செயலிகளுக்கிடையே மட்டும் இவ்வெண்ணை ஒப்பிடுக. பிறவற்றிற்கு, நீங்கள் செய்யும் பணியையே இரண்டிலும் செய்து பார்த்த சோதனை முடிவுகளை நாடுக. நினைவகத்தின் அளவையும் நோக்குக.

இன்னும் ஒன்று. சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்திய அளவிலேயே பழைய கணினி புத்துயிர் பெறுவதும் உண்டு. பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருளைச் செலவிடுமுன் அதனையும் ஆராய்தல் நன்று.