விலை குறைந்த பல்பு மலிவானதா?

கடையில் இரண்டு பல்புகள் இருக்கின்றன. ஒன்று 60 வாட் குண்டு பல்பு. விலை 15 ரூபாய் என்று கொள்வோம். மற்றொன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு, விலை 90 ரூபாய். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் தருபவை. கையில் பணம் குறைவாக உள்ளவர் குண்டு பல்பைத்தான் எடுப்பார். அவருக்கு அது லாபமா? ஒரு வரைபடத் தாளை எடுங்கள், பார்த்துவிடலாம்.

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும் என்பது நீங்கள் அறிந்ததே. யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால், குண்டு பல்புக்கு மணிக்கு 36 பைசா செலவு, எல்.இ.டி. பல்புக்கு 5.4 பைசாதான்.

எரியும் நேரம் இரு மடங்கானால் மின்சாரச் செலவும் இரு மடங்காகும். இதுவே நேர் விகிதம். இதன் வரைபடம் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு. அதன் சாய்வு, ஒரு மணி நேரத்துக்கான செலவு.

இப்போது பல்பின் விலையையும் கூட்டுவோம். கோடு அப்படியே மேலே நகரும், சாய்வு மாறாது. ஆனால் நேர் விகிதம் போய்விடும். குண்டு பல்புக்கு 100 மணிக்கு மொத்தம் 51 ரூபாய். 200 மணிக்கு 87 ரூபாய். இது இரு மடங்கு அல்லவே!

இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். குண்டு பல்பின் கோடு கீழே தொடங்கினாலும் செங்குத்தாக ஏறுகிறது. தொடக்க வேறுபாடு 75 ரூபாய். அது மணிக்கு 30.6 பைசா வீதம் குறைகிறது. 75-ஐ 0.306-ஆல் வகுத்தால் சுமார் 245. அதாவது 245-ஆவது மணியில் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. தினமும் 5 மணி நேரம் எரித்தால் இதற்கு 49 நாட்களே ஆகும்! குண்டு பல்பின் வழக்கமான ஆயுளான 1000 மணி முடிவில் அதற்கு ஆன செலவு 375 ரூபாய், எல்.இ.டி. பல்புக்கு 144 ரூபாய். 75 ரூபாயை மிச்சப்படுத்தியவர் 231 ரூபாயை இழக்கிறார்.

ஆனால் தினமும் 5 நிமிடமே எரியும் பரண் விளக்குக்கு? 245 மணி நேரம் சேர 8 ஆண்டுகள் ஆகும். அங்கே குண்டு பல்பே போதும்.

விலை என்பது கோடு தொடங்கும் இடம் மட்டுமே. அது எங்கே போய்ச் சேரும் என்பதைச் சாய்வு சொல்லும். 75 வாட் மின்விசிறியையும் 28 வாட் மின்விசிறியையும் இவ்வாறே ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் விலையை விசாரித்து, உங்கள் வீட்டு மின்கட்டண வீதத்தைக் கொண்டே கோடுகளை வரையுங்கள்.