காப்பகங்களின் நிலமும் அரசின் கையகப்படுத்தும் அதிகாரமும்

பொதுநலனுக்குத் தேவை என்று கருதும் நிலத்தை, உரிமையாளர் விற்க இசையாவிட்டாலும் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசுக்கு உண்டு. 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, சட்டத்தின் வழியாக அன்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்னும் 300-ஏ பிரிவாகச் சுருக்கிய பிறகு, அந்த அதிகாரத்துக்கு வரம்பாக எஞ்சியிருப்பவை பொது நோக்கம், இழப்பீடு, உரிய நடைமுறை ஆகியவையே.

வீட்டுக்காரர் ஒருவர் இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு வேறிடத்தில் வீடு வாங்கிக்கொள்ளலாம். வீடற்றோரைப் பராமரிக்கும் அறநிறுவனத்துக்கு அது எளிதன்று. பெங்களூருவில் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தையும் கே.ஆர். மார்க்கெட்டையும் சுற்றிக் கூலி வேலை தேடி, விக்டோரியா மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வாழ்பவருக்கு, நகரத்தின் விளிம்பில் கட்டித்தரப்படும் காப்பகம் எவ்வளவு நல்ல கட்டடமாக இருந்தாலும் பயன்படாது. நிலத்தின் சந்தை மதிப்பைக் கணக்கிடும் சட்டம் இந்த அருகாமைக்கு விலை வைப்பதில்லை.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்துதல் சட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டது. கையகப்படுத்தலுக்கு முன் அதன் சமூக விளைவுகளை ஆராய வேண்டும் என்கிறது. நகரில் ஒரு நிலத்தில் 3 ஆண்டுகளாகக் குடியிருந்தவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்று, தனியாக வாழும் வயதுவந்தவரையும் ஒரு குடும்பமாகவே கொள்கிறது. ஆகவே நெடுங்காலம் தங்கியவர் மறுவாழ்வு கோர வழியுண்டு. சில மாதங்களே தங்கிச் செல்பவருக்கு, அதாவது இரவுக் காப்பகங்களை நாடுவோரில் பலருக்கு, அந்த வழியும் இல்லை. பெங்களூருவில் நிலைமை இன்னும் கடினமானது. பெங்களூரு வளர்ச்சி ஆணையம் தன் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலங்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

சிறுபான்மையினரின் கல்வி நிறுவனங்களுக்கு அரசியலமைப்பு தனிக் காப்பு தருகிறது: அவற்றின் சொத்தை எடுக்கும்போது, அவற்றை நடத்தும் உரிமை குன்றாத அளவில் இழப்பீடு அமைய வேண்டும் என்கிறது 30(1ஏ) பிரிவு. காப்பகங்களுக்கு இத்தகைய பிரிவு எதுவும் இல்லை. 1 லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று வேண்டும் என்பது மத்திய அரசே வகுத்த நெறி. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 84 லட்சம் பேர் வாழ்ந்த அன்றைய பெங்களூரு மாநகராட்சிப் பகுதிக்கு அந்தக் கணக்கில் 84 காப்பகங்கள் தேவை. இருப்பதை எடுப்பதற்கு முன் மாற்றுக் காப்பகம் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதைச் சட்டமே நிபந்தனையாக்குவதுதான் நியாயம்.

காப்பகம் அரசு நிலத்தில் நின்றாலோ, கையகப்படுத்தும் அதிகாரமே தேவைப்படுவதில்லை. பெங்களூருவின் மாகடி சாலையில் உள்ள சுமனஹள்ளி, தெருவில் கைவிடப்பட்ட தொழுநோயாளிகளுக்காக 1970களின் இறுதியில், அரசின் வேண்டுகோளை ஏற்றுக் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய மறுவாழ்வு மையமாகும். சுமார் 63 ஏக்கர் நிலம் 30 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கப்பட்டது. இத்தகைய குத்தகை புதுப்பிக்கப்படாமல் முடிந்தால், நிலத்தில் இருப்பவரை அனுமதியற்றவராகக் கருதி வெளியேற்றக் கர்நாடகத்தின் 1974ஆம் ஆண்டுப் பொது வளாகச் சட்டம் இடமளிக்கிறது; நிலத்துக்கு இழப்பீடு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. தன் கடமையைச் செய்துதரும்படி அழைத்த அரசே, அந்தக் கடமை தீராதிருக்கும்போது குத்தகைத் தேதியை மட்டும் நோக்குவது பெரும் அநீதியாகும்.

அப்படி வெளியேற்றப்படுவோருக்கு அரசின் சொந்த நிறுவனங்கள் ஈடாகுமா என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. 1975ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடைச் சட்டப்படி, சொத்துவரியுடன் வசூலிக்கப்படும் தனித் தீர்வையைக் கொண்டு நடக்கும் அரசின் இரவலர் மறுவாழ்வு மையத்தில் 2010 ஆகஸ்டில், சில நாட்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமூக நலத்துறை அமைச்சர் அத்துறையின் பொறுப்பை இழந்தார்.