அடுத்த அறைக்கு எட்டாத வைஃபை

மணற்கேணி செயலியில் நாளைய பாடக் காணொலி பாதியில் நின்று சுற்றுகிறதா? அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் ரவுட்டரின் இடத்தைப் பாருங்கள்.

சோழவரம் போன்ற ஊர்களில் கேபிள் நுழையும் முன்னறை மூலையிலேயே அதைப் பொருத்திவிடுகிறார்கள். மின்காந்த அலை எல்லாப் பக்கமும் பரவும். பாதி தெருவுக்குப் போய்விடும். கான்கிரீட் சுவர் அலையை உட்கவரும். இரும்பு பீரோ எதிரொளிக்கும்.

ரவுட்டரை வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கையில் அதிகம் வலுவிழக்கும். தள்ளியுள்ள அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. மாடிக்கு எட்டாவிட்டால் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டரை இணைக்கலாம்.

கைப்பேசியுடன் அறை அறையாக நடந்து சிக்னல் கோடுகளைக் குறித்துவரச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு உட்கவர்தலும் எதிரொளிப்பும் வீட்டிலேயே விளங்கும்.