பெயர் சூட்டிய செல்கள்

2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்பது அதன் சாரம். அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர், அந்தக் கணக்கு போடப்பட்ட எக்செல் கோப்பையே வாங்கித் திறந்து பார்த்தார். 20 நாடுகள் 30-ஆம் வரிசையில் தொடங்கி 49-இல் முடிந்தன. சராசரி எடுத்த ஃபார்முலாவோ எல்30:எல்44 என்று 5 வரிசை முன்னதாகவே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகியவை கணக்கில் சேரவே இல்லை. ஹெர்ன்டன் குழு சுட்டிய குறைகளில் இது ஒன்றுதான், அளவில் மிகப் பெரியதும் அல்ல. ஆனால் மற்றவற்றுக்கு விளக்கம் சொன்ன ஆசிரியர்கள் இதைத் தவறென்று ஒப்புக்கொண்டார்கள்.

எல்44 என்பதைப் பார்த்து அது தவறு என்று யார் சொல்ல முடியும்? அது வெறும் கதவிலக்கம். வீட்டில் இருப்பது யார் என்று அதில் எழுதியிருக்காது.

இதற்காகத்தான் செல்களின் தொகுதிக்குப் பெயர் வைக்கும் வசதி இருக்கிறது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளிலேயே அது உண்டு. எக்செல்லில் செல்களைத் தேர்ந்துகொண்டு, ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கமுள்ள சிறு பெட்டியில் வளர்ச்சி என்று தட்டி என்டர் அழுத்தினால் போதும். அதன்பின் ஃபார்முலாவில் முகவரிக்குப் பதிலாக அந்தப் பெயரையே எழுதலாம்; 'வளர்ச்சியின் சராசரி' என்றே அதைப் படிக்கலாம்.

பலரும் இந்தப் பெயரைச் செல்கள்மேல் ஒட்டிய சீட்டு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் பெயருக்குள் இருப்பது ஒரு ஃபார்முலா. கன்ட்ரோல், எஃப்3 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சமக்குறியோடு தொடங்கும் ஒரு ஃபார்முலா தெரியும். ஆகவே எந்தச் செல்லையும் சுட்டாமல், 18% என்ற எண்ணை மட்டும் வரி என்ற பெயருக்குள் வைக்கலாம். முகவரியில் டாலர் குறிகளை நீக்கிவிட்டு, 'இடப்பக்கத்துச் செல்' என்று பொருள்படும் பெயரையும் உருவாக்கலாம். ஒரே பெயர்தான், ஆனால் எந்தச் செல்லில் எழுதுகிறோமோ அதற்குத் தக்கபடி விடை மாறும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கனடாவின் வரிசைக்கு கனடா என்று பெயர் வையுங்கள். பிறகு ஒரு செல்லில் சமக்குறி போட்டு, இரு பெயர்களையும் நடுவில் ஓர் இடைவெளி மட்டும் விட்டு, கனடா வளர்ச்சி என்று எழுதுங்கள். வரிசையும் பத்தியும் குறுக்கிடும் செல்லின் எண் வந்து நிற்கும். அந்த இடைவெளி வெற்றிடமல்ல, வெட்டுமிடத்தைத் தேடும் ஒரு கணக்குக் குறி. வளர்ச்சி என்ற பெயர் 44-ஆம் வரிசையோடு முடிந்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான செல்லே இல்லை என்று எக்செல் பிழைக்குறி காட்டியிருக்கும். கனடா விடுபட்டது அங்கேயே தெரிந்திருக்கும்.

ஆனால் சராசரி மட்டும் கேட்டிருந்தால், அதே குறைபட்ட பெயரை வைத்து எக்செல் தயங்காமல் விடை சொல்லியிருக்கும். பெயர் சூட்டுவதால் தவறு தானாக அகலாது. ரூத் மெக்கீவர், கெவின் மெக்டெய்ட் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் புதியவர்களை வைத்துச் சோதித்தபோது, பெயரிட்ட ஃபார்முலாக்களில் பிழை கண்டுபிடிப்பது அவர்களுக்கு எளிதாகிவிடவில்லை. தெளிவான பெயர் கண்ணில் பட்டதும் அதன் எல்லையைச் சரிபார்க்கத் தோன்றாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

எல்லையைப் பார்ப்பது கடினமல்ல. அந்தச் சிறு பெட்டியில் பெயரைத் தேர்ந்தால் அதற்குரிய செல்கள் அனைத்தும் ஒளிரும். தொகுதியின் நடுவே ஒரு வரிசையைச் செருகினால் பெயரும் சேர்ந்து நீளும். கடைசி வரிசைக்குக் கீழே ஒரு நாட்டைச் சேர்த்தால் பெயர் நீளாது. தரவை முன்பே டேபிளாக மாற்றி, அதன் பத்திக்குப் பெயர் வைத்திருந்தால் புதிய வரிசையும் தானாக உள்ளே வரும்.